"அக்கா, இந்த ஸ்கோர் காணுமா?"

நேற்று நடுச்சாமம் தாண்டி வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நம்முடைய மருத்துவபீடத்தில் கடைசி வருடம் படிக்கும் தம்பி ஒருவர், அமெரிக்க வைத்திய லைசன்ஸ் பரீட்சையின் இரண்டாம் கட்டமான ஸ்டெப் 2 சிகேக்கு எழுதிப் பார்த்த மாதிரிப் பரீட்சையின் புள்ளியைப் போனில் படம் பிடித்து அனுப்பி, கீழே ஒரு வரி போட்டிருந்தார்: "அக்கா, அமெரிக்காவில எமெர்ஜென்சி மெடிசின் ரெசிடென்சி கிடைக்க இது காணுமா?"

அவர் கேட்பது அவசர சிகிச்சைத் துறையில், பட்டத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டே எடுக்கும் விசேட பயிற்சியைப் பற்றி. இந்த மாதத்தில் இதே கேள்வி கேட்ட நாலாவது ஆள் அவர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வொய்ஸ் போட்டுக் களைத்துவிட்டேன், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் அமெரிக்காவில் படித்தவள் இல்லை. ஒரு தடவை விண்ணப்பித்து, இடம் கிடைக்காமல், இங்கே இலங்கையில் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவான ஈ.டி.யூவில் வேலை செய்கிறவள். கிடைத்தவர்கள் எழுதும் பதிவுகள்தான் எங்கும் இருக்கின்றன, கிடைக்காத ஒருத்தி எழுதியதையும் ஒருக்கால் வாசியுங்கள்.

முதலில் ஸ்கோர். 2022 ஜனவரியிலிருந்து ஸ்டெப் 1க்குப் புள்ளி இல்லை, பாஸ் அல்லது பெயில் மட்டும்தான். அதனால் எல்லாருடைய கண்ணும் ஸ்டெப் 2 சிகே மேல் விழுந்துவிட்டது. 2025 ஜூலையிலிருந்து அதன் பாஸ் புள்ளி 218. அதைத் தொட்டும் தொடாமலும் நின்றால் வெளிநாட்டு மாணவருடைய விண்ணப்பம் பல இடங்களில் திறக்கப்படாமலே போகும், ஒருமுறை பெயில் என்றால் இன்னும் கஷ்டம். அதுவரைக்கும் ஸ்கோர் முக்கியம்தான். ஆனால் வாசலைத் தாண்டிய பிறகு பத்துப் புள்ளி கூடுதலாக எடுத்தவனை விட்டுவிட்டு மற்றவனை எடுப்பார்கள், அது ஏன் என்று இங்கே யாரும் பேசுவதில்லை.

அடுத்தது 2023 கதை. அந்த வருட மெட்சில், அதாவது விண்ணப்பித்தவர்களையும் ரெசிடென்சி இடங்களையும் பொருத்துகிற முறையில், எமெர்ஜென்சி மெடிசினுக்கு இருந்த 3,010 இடங்களில் 554 நிரம்பவில்லை. கோவிட் களைப்பு ஒரு காரணம், இன்னொன்று 2030 ஆகும்போது இந்தத் துறையில் வைத்தியர்கள் தேவைக்கு மேல் இருப்பார்கள் என்று 2021இல் வந்த ஒரு கணிப்பு. அந்தச் செய்தியைப் பார்த்ததும் நம்ம ஆட்கள் பட்ச் குரூப்பில் "மச்சான், கதவு திறந்து கிடக்கு" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த வருடம் நிரம்பாதவை 135. அதற்கடுத்த வருடம் இன்னும் குறைவு. யாரோ ஒரு வருடம் காலியாக விட்ட கதிரையை வைத்து நீ உன்னை அளக்க முடியாது.

சரி, எதை வைத்து அளப்பது? எனக்கு இது பிந்தித்தான் விளங்கியது. மற்றத் துறைகள் பலவற்றில் வாங்குவது சாதாரண சிபாரிசுக் கடிதம். எமெர்ஜென்சி மெடிசினில் ஸ்லோ என்று ஒரு கட்டமைத்த படிவம் இருக்கிறது. நீ வேலை செய்த அவசரப் பிரிவின் வைத்தியர்கள் நிரப்புவது. அதில் "நல்ல பிள்ளை" என்று எழுதித் தப்ப முடியாது. உன்னோடு ஒத்தவர்களில் நீ எந்த இடம், ரெசிடென்சியில் உனக்கு மற்றவர்களை விடக் கூட வழிகாட்டல் தேவைப்படுமா குறையத் தேவைப்படுமா, எங்கள் பட்டியலில் உன்னை எங்கே வைப்போம் என்றெல்லாம் கேட்டுக் கட்டம் போட்டிருப்பார்கள். எல்லாரையும் முதல் வரிசையில் வைக்கிற ஆளுடைய படிவத்துக்கு மதிப்பும் இல்லை.

நம்முடைய கடிதங்களை நினைத்துப் பாருங்கள். எனக்கு ஒரு சேர் தந்த கடிதத்தில் கடின உழைப்பாளி, நேர்மையானவர், ஒழுக்கமானவர் என்று மூன்று சொல் இருந்தது. பிறகு என் பட்ச் பிள்ளைகள் மூன்று பேருடைய கடிதத்தைப் பார்த்தால் அதே மூன்று சொல், அதே ஒழுங்கு, பெயர் மட்டும் வேறு. ஒன்றில் "அவன்" என்று வர வேண்டிய இடத்தில் "அவள்" என்று இருந்தது, அது என்னுடைய கடிதத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். சேர் மேல் கோபமில்லை, அவர் அன்பாகத்தான் தந்தார். ஆனால் அந்தக் கடிதம் என்னைப் பற்றி எனக்கே ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குச் சொன்னது ஒரு சிஸ்டர். ஈ.டி.யூவில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவர். ஒரு நாள் இரவு, வயல் அறுவடைக் காலம், படுவான்கரைப் பக்கமிருந்து பாம்பு கடித்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து அசையாமல் வைத்து, இருபது நிமிடம் கழித்துச் சரித்துப் பார்ப்போமே, உறைந்திருக்கிறதா என்று, அதைச் செய்துவிட்டு நான் அந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். மறுகா நெஞ்சு நோவு என்று ஒரு ஐயா வந்து கதிரையில் இருந்திருக்கிறார். அவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி எடுத்திருக்க வேண்டும். எடுத்தது சிஸ்டர், நான் இல்லை. இரண்டு பேரும் தப்பினார்கள். விடியும்போது தேத்தண்ணி குடித்துக்கொண்டு அவரிடம் கேட்டேன், நான் எப்படி என்று. "நீங்க கெட்டிக்காரிதான் டொக்டர். ஆனா ரெண்டு பேர் ஒண்டா வந்தா முதல் ஆளோட ஒட்டிக்கொண்டு நிண்டிருவீங்க."

ஐந்து வருடப் படிப்பில் ஒரு பரீட்சையிலும் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஸ்லோவில் இருக்கிற அத்தனை கட்டத்துக்கும் அந்த ஒரு வசனம் பதில். நான் அதைக் கேட்டபோது விண்ணப்பமெல்லாம் போட்டு முடிந்திருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், ஸ்லோ எடுக்க அமெரிக்கா போகும்வரை காத்திருக்காதே. ஏற்கனவே உன்னோடு இரவு டியூட்டி நின்ற மூன்று பேரிடம், ஒரு கன்சல்டன்ட், ஒரு சீனியர் எம்.ஓ (வைத்திய அதிகாரி), கட்டாயம் ஒரு தாதி, நேரே கேள்: "இந்தக் குறூப்பில நான் எத்தனையாவது?" நல்லா செய்யிறியா என்று கேட்டால் ஆம் என்றுதான் சொல்வார்கள், நம் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். எத்தனையாவது என்று கேட்டால் தப்ப வழியில்லை.

இன்னொரு விஷயத்தை யாரும் நேரத்துக்குச் சொல்வதில்லை. அங்கே போய் நோயாளியைத் தொட்டு வேலை செய்து ஸ்லோ வாங்கும் வாய்ப்பு அநேகமாக நீ மாணவனாக இருக்கும்போதுதான், நாமே இடம் தெரிந்து போய்ப் பயிற்சி எடுக்கிற எலக்டிவ் காலத்தில். வெளிநாட்டு மாணவரை எடுக்கும் இடங்கள் குறைவு, சில இடங்களில் ஸ்டெப் 1 முடித்திருக்கவும் கேட்பார்கள். பட்டம் எடுத்த பிறகு கிடைப்பது ஒப்சேர்வர்ஷிப், பக்கத்தில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். பைனல் முடிந்து இன்டர்ன் நியமனத்துக்குக் காத்திருக்கிற மாதங்களும் உன் கணக்கில்தான் ஏறும், பட்டம் எடுத்து எத்தனை வருடம் என்று பார்க்கிற இடங்கள் நிறைய. பயிற்சிக்குப் போகிற ஜே-1 விசா என்றால் நம்முடைய சுகாதார அமைச்சின் கடிதமும் தேவை, அந்த அலைச்சல் தனிக்கதை.

வீட்டிலிருந்தே செய்யக்கூடியது ஒன்று. மெட்சை நடத்துகிற என்.ஆர்.எம்.பி வெளியிடும் சார்ட்டிங் அவுட்கம்ஸ் அறிக்கையில் அமெரிக்கப் பிள்ளைகளுடைய பக்கத்தைப் பார்த்துச் சந்தோஷப்படாமல், வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான பகுதியை வாசி. நீ நினைக்கிற ஒவ்வொரு புரோகிராமின் இணையதளத்திலும் இப்போதைய ரெசிடென்ட்மாரின் படங்கள் இருக்கும், அதில் வெளிநாட்டில் படித்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணு. மூன்று பட்சிலும் ஒருவரும் இல்லையென்றால் அந்த இடத்துக்கு விண்ணப்பக் காசு கட்டாதே. டொலர், தம்பி. பழைய யூடியூப் வீடியோவை நம்பி, முன்பு விண்ணப்பம் போட்ட ஈராஸ் தளத்தில் தேடிக்கொண்டிருக்கவும் வேண்டாம், 2026 மெட்சிலிருந்து எமெர்ஜென்சி மெடிசின் ரெசிடென்சிகாஸ் என்ற வேறு தளத்துக்குப் போய்விட்டது.

கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவனமான பி.ஜி.ஐ.எம் நடத்துகிற எமெர்ஜென்சி மெடிசின் எம்.டி வேறு பாதை, அங்கே பரீட்சைதான் பேசும். அதைப் பற்றி வேறொரு நாள்.

தம்பிக்கு இரவே இதன் சுருக்கத்தை அனுப்பியிருந்தேன். பதில் வராததால் கோபித்துவிட்டார் என்று நினைத்தேன். இன்று பின்னேரம் வந்தது.

"அக்கா, சிஸ்டரிட்ட கேட்டன். நாலு பேரில மூண்டாவதாம்."

ஏன் என்று கேட்டாயா என்றேன்.

"கேட்டன். கேஸ் சொல்லக்குள்ள முக்கியமான விஷயம் கடைசியாத்தான் என்ர வாயில வருதாம்." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "எலக்டிவுக்கு இன்னும் ஏழு மாசம் கிடக்குது அக்கா."