இடித்தது கார், குற்றவாளி சைக்கிள்

"சைக்கிள்காரன் எதுக்கு சார் மெயின் ரோட்டுக்கு வர்றான்?" நேற்றும் டீக்கடையில் இதே கேள்வி. பின்னால் வந்து இடித்தது கார், கீழே கிடந்தது சைக்கிள்காரர், ஆனால் விசாரணை முழுக்க அவர்மேல்தான்: ஹெல்மெட் போட்டாரா, பின்னால் விளக்கு இருந்ததா, இருட்டில் ஏன் கறுப்புச் சட்டை? 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் ஹெல்மெட் போடச் சொல்வது மோட்டார் சைக்கிளுக்குத்தான், மிதிவண்டிக்கு இல்லை என்றால் என்னைப் பைத்தியம் மாதிரி பார்க்கிறார்கள். ஓரமாகப் போக வேண்டுமாம். எந்த ஓரம்? ஓரத்தில் கார் நிற்கிறது, அதற்கும் ஓரத்தில் ஜல்லி, அதையும் தாண்டினால் மூடியில்லாத வடிகால், மிச்சமிருக்கும் ஒரு முழ இடத்தில் ராங் சைடில் புல்லட் ஒன்று நம்மையே முறைத்துக்கொண்டு வரும். சரி, சைக்கிள்காரர்களிலும் சிக்னலை மதிக்காதவர்கள் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். கார்க்காரர்கள் எல்லாரும் அரிச்சந்திரன் பேரன்களா? நெதர்லாந்தில் கார் சைக்கிளை இடித்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பு பெரும்பாலும் கார் பக்கம்தான், சட்டமே அப்படி. இங்கே அரசாங்கம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்தது, அதை ஓட்ட ஒரு ரோடு கொடுக்க மறந்துவிட்டது. இதில் பின்னாலிருந்து விடாமல் ஹாரன் வேறு. நான் என்ன, பறக்கவா?