பேனரில் அந்தப் பிள்ளையின் படம் வேண்டாம்

காணாமல் போய் இறந்த பிள்ளைக்காக ஊரே மெழுகுவத்தி ஏந்தியது சரி. ஆனால் செய்தியில் தெரியும் பேனரில், காணவில்லை என்று தேடும்போது வாட்ஸ்அப்பில் சுற்றிய அதே சீருடைப் படம். பாலியல் குற்றமும் சேர்ந்த வழக்கு இது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி ஊடகத்தில் பெயர், படம், பள்ளி எதுவும் வரக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை. பிள்ளை இறந்துவிட்டாலும், பெற்றோரே சம்மதித்தாலும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் அடையாளம் வெளியிடக் கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தேடிய பதிவுகளை முதலில் அழியுங்கள்.

உதவ நினைப்பவர்கள் பெற்றோருக்கு எஃப்ஐஆர் நகலை வாங்கிக் கொடுங்கள், அது இலவசம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தாய் பெயரில் மனுப் போட்டால் வருமானம் பார்க்காமல் வக்கீல் தருவார்கள். பெற்றோர் வாக்குமூலம் கொடுக்கும்போது யாராவது கூட இருங்கள். அழுதுகொண்டிருக்கும் தகப்பன் ஆறு மணியை ஏழு என்று சொல்லிவிட்டால், குறுக்கு விசாரணையில் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.