ஒரு வருஷம் லீவு போட்டவன்

தம்பி: (போனில்) நாளைக்கு எல்லாம் முடிந்துவிடும்டா. நாற்காலியில் உட்காரப் போவது ஜான்தான், நான் எப்போதோ சொல்லிவிட்டேன். அக்கா வருகிறாள், இரு.

அக்கா: நாளைக்கா? நாளைக்கே அறிவிக்கப் போகிறார்களா? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயாடா?

தம்பி: உனக்கு இதெல்லாம் பிடிக்காது என்று நினைத்தேன்.

அக்கா: உன் தலைக்கு மேல் யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? பழைய ஆள் என்ன ஆனார்?

தம்பி: ராபர்ட்டா? அவர் முதல் வருஷமே போய்விட்டாரே. எந்நேரமும் குடி. வைத்துவிட்டுப் போனது 60 லட்சம் கடன். அதில் பாதி மாமனாரிடம் வாங்கியது.

அக்கா: அதுதான் உனக்கு இன்கிரிமென்ட் வரவில்லை.

(போனை அவன் வைக்கவில்லை. நான் மறுமுனையில்தான் இருந்தேன். வைத்திருக்க வேண்டியது நான்தான். மனசு வரவில்லை.)

தம்பி: அவருக்கு வலது கையாக ஒருவர் வந்தார். ரொம்ப நேர்மையான மனுஷன். வந்த வருஷமே தலை போய்விட்டது.

அக்கா: நேர்மையாக இருந்தால் தலை போகத்தான் செய்யும். உனக்கு அந்தப் பயம் இல்லை.

தம்பி: அவர் வளர்த்த பையன்தான் ஜான். நல்ல பையன். ஆனால் பார், கூட இருந்தவர்களே அவனைக் குத்திவிட்டார்கள்.

அக்கா: எங்கேதான் குத்தவில்லை? போன மாதம் என் பக்கத்து சீட்டுக்காரி என்னைக் குத்தவில்லையா? நான் எழுந்து வேலைக்குப் போகவில்லையா?

தம்பி: அவனும் எழுந்துவிட்டான். ஆனால் பதவி வேண்டாம், வேண்டாம் என்று ஒரே பாட்டு.

அக்கா: வேண்டாம் என்பவனுக்குத்தான் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். மூன்று வருஷமாக வாய் திறந்து கேட்கிறவளுக்குக் கொடுக்க மாட்டார்கள். சரி, வேறு யார் இருக்கிறார்கள்?

தம்பி: டெனேரிஸ். இவளுடைய அப்பா முன்பு அதே நாற்காலியில் இருந்தவர். அவர் எல்லாரையும் எரிப்பார்.

அக்கா: சிலருக்கு அந்தச் சுபாவம். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார்கள்.

தம்பி: இவள் வெளிநாட்டில் ஒன்றுமே இல்லாமல் ஆரம்பித்து, ஆள் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். மூன்று பிள்ளைகள் வேறு.

அக்கா: மூன்று பிள்ளைகளையும் வைத்துக்கொண்டா! அவளுக்கே கொடுக்கலாம்டா.

தம்பி: அதில்தான் சிக்கல். அவளும் ஜானும் காதலித்துவிட்டார்கள். அப்புறம் பார்த்தால், அவள் அவனுக்குச் சொந்த அத்தை.

அக்கா: உங்கள் எச்ஆர் என்ன செய்துகொண்டிருக்கிறது?

தம்பி: இன்னொருவன் இருக்கிறான், பிரான். ஜான் கூடவே தம்பி மாதிரி வளர்ந்தவன். அவனை விடு, அவனுக்கு வாய்ப்பே இல்லை. 2015 முழுக்க அவன் வரவே இல்லை.

அக்கா: ஒரு நாள்கூடவா?

தம்பி: ஒரு நாள்கூட.

அக்கா: லீவு சொன்னானா?

தம்பி: யாரோ ஒரு கிழவரிடம் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான்.

அக்கா: அப்படியானால் ஆன்-டியூட்டி என்று போட்டிருப்பான். சம்பளம் வந்திருக்கும். கெட்டிக்காரன்.

தம்பி: அவனை விடு என்றேனே. டெனேரிஸைப் பார். மூன்று பிள்ளைகளில் ஒன்று செத்துப்போய்விட்டது.

அக்கா: ஐயோ, பாவம்!

தம்பி: செத்தது எழுந்து எதிராளியோடு சேர்ந்துகொண்டு சுவரை உடைத்துவிட்டது.

அக்கா: ...

தம்பி: என்ன?

அக்கா: எந்தச் சுவர்?

தம்பி: 700 அடிச் சுவர். பனியால் கட்டியது.

அக்கா: உங்கள் ஆபீஸுக்கு எதற்குடா 700 அடிச் சுவர்?

(கேம் ஆஃப் த்ரோன்ஸ் என்று அவன் விளக்கி முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. நாற்காலி என்றது அதில் வரும் இரும்புச் சிம்மாசனம், டெனேரிஸின் மூன்று பிள்ளைகள் என்றது அவள் வளர்த்த டிராகன்கள். இது 2019 மே மாதம், கடைசி எபிசோடுக்கு முந்தைய நாள். 2011இல் ஹெச்பிஓ சேனலில் தொடங்கிய டிவி தொடர். 72 எபிசோடுகள் ஓடி, இனி ஒன்றே ஒன்று பாக்கி. அதை வைத்து அவன் ஒரு முழு நோட்டை நிரப்பியிருந்தான். ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் 'உறுதி' என்று எழுதி அடிக்கோடு. கதை எப்படிப் போகும் என்று முன்கூட்டியே கணிக்கிற தியரிக்காரர்களிடம் எனக்குப் புரியாதது இந்த அடிக்கோடுதான்.)

அக்கா: சரி, உட்கார். யாருக்கு என்று ஒரே வார்த்தையில் சொல்.

தம்பி: ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. ஆர்யா இருக்கிறாள். மூன்று நிறக் கண்களை மூடுவாள் என்று ஒரு மந்திரக்காரி அவளிடம் முன்பே சொல்லியிருக்கிறாள். பழுப்பு, பச்சை, நீலம். நீலக் கண்காரனை ஏற்கெனவே கொன்றுவிட்டாள். பாக்கி பச்சை. பச்சைக் கண் யாருக்கு? டெனேரிஸுக்கு.

அக்கா: அவளுக்குப் பச்சைக் கண்ணா?

தம்பி: புத்தகத்தில் ஊதா. டிவியில் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பச்சை.

அக்கா: நீ பார்க்கிற பார்வைக்கு எல்லாமே பச்சையாகத்தான் தெரியும்.

தம்பி: போன எபிசோடில் ஊரே எரிந்து கிடக்கிறது. நடுத் தெருவில் ஆர்யா முன்னால் ஒரு வெள்ளைக் குதிரை வந்து நிற்கிறது. அது சும்மா வருமா? மற்ற உயிர்களுக்குள் புகுந்து பார்க்கும் சக்தி பிரானுக்கு உண்டு. ஆக, குதிரைக்குள் இருந்தது பிரான்.

அக்கா: யார், அந்த லீவுக்காரனா?

தம்பி: ஆமாம்.

அக்கா: வருகிற நாளிலும் சீட்டில் இருக்க மாட்டானா?

தம்பி: அக்கா, நீ இதைக் கேலியாக எடுத்துக்கொள்கிறாய். சரி, கெண்ட்ரியைப் பார். ராபர்ட்டின் ரத்தம். 2013இல் ஒரு படகில் ஏறித் துடுப்புப் போட்டுக்கொண்டு போனான். 2017இல்தான் திரும்ப வந்தான்.

அக்கா: நாலு வருஷமா? அப்படியானால் பிரானைவிட இவனுக்குத்தான் தகுதி அதிகம்.

தம்பி: தியரி என்றால் சும்மா இல்லை, தெரிந்துகொள். 1996இல் முதல் புத்தகம் வந்தது. ஜானின் உண்மையான அப்பா அம்மா யார் என்று வாசகர்கள் வரிக்கு வரி அலசிக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். 2016இல் டிவியில் அப்படியே வந்தது! தொடர் எடுக்க வந்த இரண்டு பேரிடம் ஆசிரியர் மார்ட்டின் கேட்ட கேள்வியே அதுதான், ஜானின் அம்மா யார் என்று. சரியாகச் சொன்ன பிறகுதான் கதையைக் கொடுத்தார்.

அக்கா: ஒரே கேள்வியில் இன்டர்வியூவா? அதுதான் இப்போது தெரிகிறது.

தம்பி: எது?

அக்கா: கோட்டைக்குள்ளே காபி கப்பு வைத்தார்களாமே. போன வாரம் பேப்பரில் வந்ததே.

தம்பி: அது தவறு என்று நீயும் நம்பிவிட்டாயா? டெனேரிஸ் முன்னால், சரியாக அவள் முன்னால், ஏன் இருக்க வேண்டும்? அவள் இந்த உலகத்தைச் சேர்ந்தவள் இல்லை என்பதற்கு...

அக்கா: யாரோ குடித்துவிட்டு எடுக்காமல் போயிருக்கிறான். நீ தினமும் செய்வது. உன் மேஜையில் இப்போது மூன்று இருக்கிறது. அதற்கு என்ன தியரி?

தம்பி: ...ஹெச்பிஓவே கிண்டலாகத்தான் பதில் சொன்னது. டெனேரிஸ் கேட்டது மூலிகைத் தேநீர், காபி தவறுதலாக வந்துவிட்டது என்று.

அக்கா: தப்பு என்று ஒத்துக்கொண்டார்கள் அல்லவா? அப்புறம் கம்ப்யூட்டரில் அழித்தும்விட்டார்கள். உனக்குத்தான் அது கடவுள் வாக்கு. சரி, இந்த ஊர் எரிந்தது என்றாயே, ஏன் எரிந்தது?

தம்பி: டெனேரிஸ்தான். சரண் என்று மணி அடித்தார்கள். அப்புறமும் டிராகனில் போய் எரித்துவிட்டாள்.

அக்கா: அந்த ஊர் ஆட்களில் யாராவது உன் நோட்டில் இருக்கிறார்களா?

தம்பி: அவர்கள் எதற்கு? ராஜா யார் என்று அவர்களிடமா கேட்பார்கள்? (ரொம்ப நேரம் சிரிக்கிறான்.)

(அந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். அக்காவே தொலைக்காட்சிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். டெனேரிஸை ஜான் குத்தினான். தம்பி நோட்டில் ஒரு டிக் போட்டான். டெனேரிஸ் பெயரையும் அடிக்கவில்லை. டிராகன் வந்தது.)

அக்கா: இது ஏன் நாற்காலியை எரிக்கிறது?

தம்பி: உருக்கிவிட்டது! ஐயோ, இரும்புச் சிம்மாசனமே உருகிவிட்டது!

அக்கா: எட்டு சீசனாக எல்லாரும் அடித்துக்கொண்டதை ஊதி முடித்துவிட்டது. மூன்று பிள்ளைகளில் இதற்குத்தான் மூளை.

தம்பி: சும்மா இரு, சபை கூடுகிறது.

அக்கா: எழுந்து நின்று தன்னைப் பற்றியே பேசுகிறாரே, இவர் யார்?

தம்பி: எட்மர். சான்ஸாவுக்குத் தாய்மாமா.

அக்கா: "மாமா, உட்காருங்கள்" என்றுவிட்டாளே! இந்த மாமா எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இருக்கிறார்டா. அந்தக் குண்டுப் பையன் என்ன சொல்கிறான்?

தம்பி: சாம். எல்லா மக்களையும் பாதிக்கிற முடிவு, அவர்களையே கேட்டால் என்ன என்கிறான்.

(சபையில் இருந்த பிரபுக்கள் பலரும் சிரித்தார்கள். நாய்க்கும் ஓட்டுக் கொடுக்கலாமா என்றார் ஒருவர். குதிரையைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றார் இன்னொருவர்.)

அக்கா: நேற்று நீ சிரித்த அதே சிரிப்பு.

தம்பி: ...

அக்கா: சத்தம்கூட மாறவில்லை. நீ எந்த ஊர் பிரபு?

தம்பி: இரு, டிரியன் பேசுகிறான்.

அக்கா: கையில் விலங்கோடு நிற்கிறவனா அடுத்த ராஜாவைச் சொல்லப் போகிறான்?

தம்பி: உஷ்! யாருக்கு நல்ல கதை இருக்கிறதோ அவனுக்குத்தான் பதவி என்கிறான். யாரிடம் இருக்கிறது பிரானைவிட நல்ல கதை என்று...

அக்கா: யாரைவிட?

தம்பி: பிரானைவிட.

அக்கா: லீவுக்காரனைவிடவா?

தம்பி: ...ஆமாம்.

அக்கா: ஒரு சீசன் முழுக்க அவனுக்குக் கதையே இல்லையேடா! அந்த வருஷம் யாருடைய கதையை ஓட்டினார்களோ அவர்களைக் கேட்டுப் பார்க்கச் சொல்.

(பிரான் போன சீசனில் தன் குடும்பக் கோட்டையான வின்டர்ஃபெல் வேண்டாம், தன்னால் எதற்கும் பிரபுவாக முடியாது என்று சான்ஸாவிடம் சொன்னவன். இப்போது சம்மதமா என்று கேட்டால், இவ்வளவு தூரம் எதற்காக வந்தேன் என்று நினைக்கிறாய் என்கிறான். பதவி வேண்டாம் என்று எட்டு சீசனாகப் பாடியவனைச் சுவர்ப் பக்கம் காவலுக்கு அனுப்பினார்கள். அக்கா முந்தைய நாள் சொன்ன கணக்கு ஜான் விஷயத்தில் தவறிப்போனது. பிரான் விஷயத்தில் சரியாக வந்தது.)

தம்பி: நான்தான் சொன்னேனே!

அக்கா: என்ன சொன்னாய்?

தம்பி: பிரான் என்று.

அக்கா: "அவனை விடு, அவனுக்கு வாய்ப்பே இல்லை" என்று சொன்னாய். இரண்டு தடவை சொன்னாய்.

தம்பி: குதிரைக்குள் பிரான் என்றேன் அல்லவா? குதிரை என்பது ஆட்சியின் குறியீடு. எல்லாருக்கும் முன்னால் சொன்னது நான்தான்.

(பிரானாக நடித்த ஐசக் ஹெம்ப்ஸ்டெட் ரைட், கடைசி எபிசோடின் கதை கைக்கு வந்தபோது தன்னைக் கேலி செய்ய யாரோ மாற்றி எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்ததாகச் சொல்லியிருக்கிறார். நடித்தவருக்கே நம்பிக்கை வரவில்லை. இவன் குதிரையில் பார்த்திருக்கிறான்.)

அக்கா: சரி, இந்தப் பெண் ஏன் தனியாக எழுந்து நிற்கிறாள்?

தம்பி: சான்ஸா. வடக்கு மட்டும் தனி நாடாக இருக்கும் என்கிறாள். இனி அவனுக்கு ஆறு ராஜ்யம், அவள் வடக்குக்கு ராணி.

அக்கா: அவனுக்கு இவள் யார்?

தம்பி: அக்கா.

அக்கா: அதுதானே பார்த்தேன். தம்பியைப் பற்றி அவளுக்குத் தெரியாதா?

(அரை மணி நேரம் அவன் யாரோடும் பேசவில்லை. அப்புறம் மடிக்கணினியைத் திறந்தான்.)

அக்கா: என்ன தட்டுகிறாய்?

தம்பி: மனு. எட்டாவது சீசனை மறுபடி எடுக்க வேண்டும் என்று. ஏற்கெனவே 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அக்கா: நீ சொன்ன மாதிரிதானே முடிந்தது?

தம்பி: ஆமாம்.

அக்கா: அப்புறம் எதற்கு மறுபடி எடுப்பது?

தம்பி: ...புத்தகத்தில் வேறு மாதிரி வரும், அக்கா. ஐந்தாவது புத்தகம் 2011இல் வந்தது. ஆறாவது இன்னும் வரவில்லை.

அக்கா: எட்டு வருஷமா! அவரும் பயிற்சியில்தான் இருக்கிறாரா?

தம்பி: அதில் ஜான்தான். உறுதி. (நோட்டில் புதுப் பக்கத்தைப் புரட்டுகிறான்.)

அக்கா: எழுது, எழுது. எழுதிவிட்டு மேஜையில் இருக்கிற கப்பை எல்லாம் எடு. ஹெச்பிஓகாரன் வந்து கம்ப்யூட்டரில் அழிப்பான் என்று வைத்திருக்கிறாயா?