பூனைக்கு விஷச்செடி எதுவென்று தானாகத் தெரியுமா?

"பூனை விஷச்செடியை மோந்து பார்த்தே ஒதுக்கிவிடும், தப்பித்தவறித் தின்றாலும் கொஞ்சம் பால் வைத்தால் முறிந்துவிடும்" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை, காற்றில் ஆடுகிற எந்த இலையையும் கடித்துப் பார்க்கும். லில்லி விஷயத்தில் கடிக்கக்கூட வேண்டாம். பூங்கொத்தில் வரும் லில்லியின் மகரந்தம் முதுகில் ஒட்டினால் போதும், உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும்போது உள்ளே போய்விடும். பூச்சாடித் தண்ணீரும் ஆபத்துதான். சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கும். அப்புறம் தேறிவிட்டதுபோலத் தெரியும். பலர் ஏமாந்துபோவது அங்கேதான். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் சிறுநீரகம் செயலிழந்துவிடும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. பால் எதையும் முறிக்காது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது பேதியைத்தான் கொடுக்கும். தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால், 48 மணி நேரமோ அதற்கு மேலுமோ டிரிப்ஸ் ஏற்றிக் காப்பாற்ற வாய்ப்புண்டு.

சரி, மணி பிளான்ட்? அதுவும் நஞ்சுதான், ஆனால் இந்த அளவுக்கு இல்லை. இலையிலுள்ள கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பின் ஊசிபோன்ற நுண்படிகங்கள் நாக்கில் குத்த, எச்சில் வடியும், முகத்தைத் தேய்த்துக்கொள்ளும். உயிர் போவது அரிது. எட்டாத உயரத்தில் தொங்கவிடலாம். சேகோ பனையை மட்டும் வைக்காதீர்கள், அதன் விதை கல்லீரலையே கெடுத்துவிடும். பச்சை வேண்டுமென்றால் அரிக்கா பனையும் ஸ்பைடர் பிளான்ட்டும் பூனைக்கு நஞ்சில்லை.