பீடத்தில் நின்று பதில் சொல்லாதீர்கள், சாமி

தங்கச்சிமடம், பாம்பன், மூக்கையூர் என்று ராமநாதபுரம் கடற்கரையிலுள்ள கத்தோலிக்கப் பங்குகளுக்குப் புதிதாக வரும் இளம் குருக்களுக்காக, உரசல்களைத் தீர்ப்பது பற்றி இதை எழுதுகிறேன்.

பங்கு இல்லம் ஒரு வேலையிடமும்கூட. மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை, சமையல் அக்கா, உதவிப் பங்குத்தந்தை என யாரோடும் உரசல் வரலாம். வந்ததும் கை மைக்கைத் தேடும். ஞாயிறு மறையுரையில் "சிலர்" என்று ஆரம்பித்தால், அந்தச் சிலர் யாரென்று பூசை முடியுமுன் ஊருக்கே தெரிந்துவிடும். எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் ஒருவரை அடித்தால் அவருடைய சொந்தமெல்லாம் ஒன்று சேரும். கடலோர ஊரில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சொந்தம்.

மத்தேயு 18:15-17 வரிசையைச் சொல்கிறது: முதலில் தனியாக, பிறகு ஓரிருவரோடு, கடைசியில்தான் சபை. நாம் மூன்றாவதில் தொடங்கிவிடுகிறோம். தனியாகப் பேசும்போது அலுவலகக் கதவு திறந்திருக்கட்டும். பேச்சு கோயில் சாவியைப் பற்றி என்றால் சாவியோடு நிற்கட்டும், போன வருசத் திருவிழாக் கணக்கை இழுக்காதீர்கள்.

பலர் கவனிக்காதது பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவது. திருச்சபைச் சட்டம் 984-இன்படி அங்கே கேட்டதை நிர்வாகத்தில் பயன்படுத்தவே கூடாது. உண்டியலில் கை வைத்ததாகக் கோயில்பிள்ளை அங்கே சொன்னால், அதை வைத்து அவரிடமிருந்து சாவியைக்கூட வாங்க முடியாது. ஆகவே உங்கள் பணியாளர்களைப் பக்கத்துப் பங்குச் சாமியிடம் போகச் சொல்லுங்கள்.

சண்டை பெரும்பாலும் எழுதி வைக்காத சம்பளத்தில்தான் முளைக்கிறது. தொழிலாளர் சட்டத்தைப் பின்பற்ற வேண்டும், நியாயமான கூலி தர வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1286. வேலை நேரம், சம்பளத் தேதி, விடுப்பு, நீங்கள் வெளியூர் போனால் யார் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதை ஒரே தாளில் எழுதுங்கள். இரண்டு சாமிகள் இரண்டு விதமாகச் சொன்னால் திட்டு வாங்குவது கோயில்பிள்ளை.

ஊர் விவகாரமானால் கடலைப் பார்த்துத் தேதி வையுங்கள். ராமேசுவரம் தீவில் விசைப்படகுக்காரர் திங்கள், புதன், சனி போவார்கள். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஒரே கூட்டத்தில் இரு தரப்பையும் கேட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம், இரண்டு நாள் உட்காருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அப்போது கோயில் வரி பாக்கியைக் கிளறினால் கோபம்தான் மிஞ்சும். பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு, முடிவின் பொறுப்பு உங்களுடையது. கூட்டக் குறிப்பில் இரு தரப்புக் கையெழுத்தும் வாங்குங்கள்.

ஆயரின் (பிஷப்பின்) ஆணையே தவறென்று பட்டால் அரசியல்வாதி வீட்டுக்குப் போகாதீர்கள். அதை மாற்றக் கேட்டு அவருக்கே 10 நாட்களுக்குள் எழுத வேண்டும் (சட்டம் 1734). அதற்கும் தீராவிட்டால் மேல்முறையீட்டுக்கு 15 நாள் (1737). நாள் தவறினால் வழி அடைபடும். ஆணை கையில் கிடைத்த தேதியை உறையின் மேலேயே குறித்து வையுங்கள்.