இங்கிலாந்தை 6-1 என்று அடித்த கேப்டன்

லண்டன் ஓவல் மைதானம் என்றால் நமக்கு கிரிக்கெட்தான். 1971-ல் வாடேகரின் இந்திய அணி இங்கிலாந்தை ஜெயித்த இடம். இங்கிலாந்து கால்பந்து அணி சொந்த மண்ணில் வாங்கிய மிகப் பெரிய அடியும் அதே மைதானத்தில்தான் விழுந்தது. 1881 மார்ச் 12. ஸ்காட்லாந்து 6, இங்கிலாந்து 1. அதற்குப் பிறகு இன்றுவரை உள்ளூரில் அவர்கள் ஐந்து கோல் வித்தியாசத்தில் தோற்றதே இல்லை.

அன்றைக்கு ஸ்காட்லாந்து கேப்டன் ஒரு கறுப்பின இளைஞர். ஆண்ட்ரூ வாட்சன், வயது 24.

பள்ளி நாட்களிலிருந்து ராத்திரி கண்விழித்து பிரிட்டிஷ் கால்பந்து பார்க்கிறவன் நான். 1885-ல் ஆர்ப்ரோத் அணி 36-0 என்று ஜெயித்தது, அதில் ஜான் பெட்ரி ஒருவரே 13 கோல் போட்டது, 1927-28 சீசனில் டிக்சி டீன் லீக்கில் 60 கோல் அடித்தது எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வாட்சன் பெயர் மட்டும் பல வருஷம் என் காதில் விழவே இல்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வாட்சன் தென் அமெரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் கயானாவின் டெமராராவில் பிறந்தவர். நம் ஆட்கள் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போய் இறங்கிய அதே கரும்பு மண். அப்பா ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி, அம்மா ஹன்னா ரோஸ் உள்ளூர்ப் பெண். சிறுவயதிலேயே பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, நல்ல பள்ளிகளில் படித்து, 19 வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்புறம் கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க் கால்பந்து கிளப்.

குயின்ஸ் பார்க்கை லேசாகத் தாண்டிப்போக முடியாது. அந்தக் காலத்து இங்கிலாந்து ஆட்டத்தில் பந்து கிடைத்தவர் அதைக் காலோடு ஒட்டிக்கொண்டு நேராக ஓடுவார். பறிபோனால் எடுக்க மற்றவர்கள் பின்னாலேயே கூட்டமாக ஓடுவார்கள். குயின்ஸ் பார்க்காரர்கள் பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொடுத்து ஆடினார்கள். இரண்டு பேர் குறுக்கே வந்தால் பக்கத்தில் நிற்பவனுக்குத் தட்டிவிடு, நீ காலி இடத்துக்கு ஓடு. இன்று நாம் டிவியில் பார்க்கும் கால்பந்தின் வேர் அங்கே இருக்கிறது. அந்தப் பள்ளியில் வளர்ந்த தடுப்பாட்டக்காரர்தான் வாட்சன்.

நாட்டுக்காக அவர் ஆடியது மூன்றே ஆட்டம். ஓவலில் 6-1. இரண்டே நாள் கழித்து வேல்ஸுக்கு எதிராக 5-1. அடுத்த வருஷம் கிளாஸ்கோவில் மறுபடி இங்கிலாந்து, மறுபடி 5-1. மொத்தத்தில் போட்டது 16, வாங்கியது 3. பிறகு லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். ஸ்காட்லாந்தில் வசிப்பவர்களை மட்டும் அணியில் எடுப்பது அன்றைய வழக்கம் என்பதால் கதை அங்கேயே நின்றது. கடைசியில் கப்பல் இன்ஜினியராக வேலை பார்த்து 1921-ல் லண்டனில் இறந்தார்.

அவரிடம் பணம் இருந்தது, படிப்பு இருந்தது, அதனால் கதவு திறந்தது என்பார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கதவு அவர் உயிரோடு இருக்கும்வரைதான் திறந்திருந்தது. 1978-ல் விவ் ஆண்டர்சன் இங்கிலாந்துக்கு ஆடியபோது, ஒரு கறுப்பினத்தவர் அந்தச் சட்டையைப் போடுவது இதுதான் முதல் தடவை என்று நாடே பேசியது. பேச வேண்டியதுதான். அதற்கு 97 வருஷம் முன்னால் அதே இங்கிலாந்தை அடித்த கேப்டனை அப்போது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆர்தர் வார்ட்டன் கதை இன்னும் வலிக்கிறது. கானாவில் பிறந்த கோல்கீப்பர், முதல் கறுப்பினத் தொழில்முறை கால்பந்து வீரர் என்று சொல்லப்படுபவர். 1886-ல் 100 கஜத்தை 10 விநாடியில் ஓடியவர். கடைசிக் காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து 1930-ல் இறந்தார். 1997 வரை அவர் கல்லறையில் ஒரு பெயர்க்கல்கூடக் கிடையாது.

ஸ்கோரை எழுதி வைத்தவர்கள் ஆளை எழுதி வைக்கவில்லை. இது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பட்டை போட்ட ஜெர்சியில் வாட்சன் நிற்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது. அடுத்த முறை இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதும்போது, ஆட்டம் தொடங்கும் முன் அதை அரை நிமிஷம் திரையில் காட்டட்டும்.