பழைய நிரலைக் கலைக்கும் முன்

எங்கள் குழுவில் சில வாரங்களாக ஒரே விவாதம்: பழைய பில்லிங் மென்பொருளைத் திருத்திக்கொண்டே போவதா, ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து எழுதுவதா? புதிதாக எழுதலாம் என்பவர்கள் சொல்லும் முதல் காரணம், நிரல் படிக்கவே முடியாத அளவுக்குச் சிக்கலாகிவிட்டது என்பது. அது மட்டுமே போதுமான காரணம் என்று நான் ஏற்க மாட்டேன்.

இந்தப் பேச்சு வந்தாலே, இணைய உலாவி தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பெயர் அடிபடும். 1998 அக்டோபரில், தன் உலாவியின் பழைய எஞ்சினை, அதாவது இணையப் பக்கத்தைத் திரையில் அடுக்கிக் காட்டும் பகுதியைக் கைவிட்டு, கெக்கோ என்ற புதிய எஞ்சின்மேல் எல்லாவற்றையும் மறுபடி கட்டுவதென்று அங்கே முடிவாயிற்று. ஐந்தாம் பதிப்பு வரவேயில்லை. ஆறாம் பதிப்பு 2000 நவம்பரில்தான், அதுவும் முதிராத நிலையில் வந்தது. அதற்குள் விண்டோஸோடு சேர்ந்தே வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் சந்தையைப் பிடித்துவிட்டது. இத்தோடு கதையை முடித்துவிடுகிறார்கள். ஆனால் 2004-இல் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 1.0 உலாவி ஓடியது அதே கெக்கோவில்தான். சன்னலின் அளவை மாற்றினால்கூடப் பக்கத்தை முதலிலிருந்து அடுக்க வேண்டியிருந்த பழைய எஞ்சினால், வளர்ந்துவந்த இணையத் தரங்களைத் தாங்கியிருக்க முடியாது என்பதே என் எண்ணம். எஞ்சினை மாற்றியது சரி. அதோடு முகப்பு, மின்னஞ்சல் என அனைத்தையும் ஒருசேரக் கலைத்து, பயனர்களை நான்காம் பதிப்பின் சிறு திருத்தங்களோடு காத்திருக்க வைத்ததுதான் தவறு.

அதே ஃபயர்ஃபாக்ஸ் 2017 நவம்பரில் வேறு வழியில் போனது. பக்கங்களின் பாணியை (எழுத்து, நிறம், இடைவெளி போன்றவற்றை) கணக்கிடும் பகுதியை மட்டும், கணினிச் செயலியின் பல கோர்களில் ஒரே நேரத்தில் ஓடும்படி ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதி, 57-ஆம் பதிப்பில் பொருத்தினார்கள். சுற்றியிருந்த உலாவி ஓடிக்கொண்டே இருந்தது.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், திரும்பி வரும் சரக்குக்கு மூல பில்லின் தேதியைப் பார்த்து வரி விகிதத்தை எடுக்கும் நான்கு வரிகள் பழைய நிரலில் இருந்தன. புதிதாக எழுதியபோது, தேவையற்றவை என்று நாங்கள் அவற்றை விட்டுவிட்டோம். 2017 நவம்பர் 15 முதல் பல பொருள்களுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. அதற்கு முன் விற்ற சரக்கு திரும்பியபோது, 28 விழுக்காடு வாங்கிய பில்லுக்கு 18 கணக்கிட்டு கிரெடிட் நோட் (திரும்பிய சரக்கின் தொகையை வாங்கியவர் கணக்கில் வரவு வைக்கும் சீட்டு) போயிற்று. அந்த நான்கு வரிகளை எழுதியவர் ஜிஎஸ்டிக்கு முந்தைய வாட் வரிக் காலத்தில் இதே அடியைப் பட்டிருக்க வேண்டும். அவரிடம் கேட்கும் வாய்ப்பும் எங்களுக்கு இல்லை.

ஆகவே அடுத்த கூட்டத்தில் நான் கேட்கப்போவது இதுதான்: பழைய அமைப்பால் எவ்வளவு திருத்தியும் செய்யவே முடியாத வேலை எது? அதைப் பெயர் சொல்லிக் காட்டினால், அந்தப் பகுதியை மட்டும் புதிதாக எழுதுவோம். சென்ற ஆண்டின் பில்கள் முழுவதையும் பழையதிலும் புதியதிலும் ஓட்டி, ஒரு பைசா வித்தியாசம் வந்தாலும் காரணம் தெரியும்வரை பழையதை நிறுத்த வேண்டாம்.